ஒரு வாரத்துக்கு ஒரு திரை: குடல் ஒட்டுதலும் வலைமேல் போர்த்தும் சவ்வுகளும்

ஒருமுறை திறந்து மூடிய வயிற்றை மறுபடி திறப்பது அறுவை மருத்துவர்கள் விரும்பாத வேலை. முதல்முறை வழவழப்பாக ஒன்றன்மேல் ஒன்று நழுவிக்கொண்டிருந்த குடல் சுருள்கள் இப்போது எங்கே, எதோடு ஒட்டிக் கிடக்கின்றன என்பது உள்ளே போகும்வரை தெரியாது. பழைய தழும்புக்கு நேர் அடியில் சிறுகுடல் ஒட்டியிருந்தால் முதல் வெட்டிலேயே குடலில் துளை விழலாம். நெதர்லாந்தில் 270 மறு அறுவைகளை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் வெளியான கட்டுரையில், 52 பேருக்கு, அதாவது 19 சதவீதத்தினருக்கு, இப்படி அறியாமல் குடல் கிழிபட்டிருந்தது.

ஒட்டுதல் எவ்வளவு பரவலானது என்பதை முதலில் தெளிவாகக் காட்டியவர்களுள் லண்டன் அறுவை மருத்துவர் ஹெரால்ட் எல்லிஸ் முக்கியமானவர். அவரும் மென்சிஸும் 1990இல் வெளியிட்ட ஆய்வில், முன்பே வயிற்று அறுவை செய்துகொண்டிருந்த 210 பேரில் 93 சதவீதத்தினருக்கு உள்ளே ஒட்டுதல்கள் இருந்தன. வயிறு முதன்முறையாகத் திறக்கப்பட்டவர்களிடம் இது பத்துச் சதவீத அளவில்தான் இருந்தது. எல்லிஸ் குழுவினர் அடுத்து ஸ்காட்லாந்தின் மருத்துவமனைப் பதிவேடுகளைப் புரட்டினார்கள். 1986இல் திறந்த முறையில் வயிற்று அறுவையோ இடுப்புக்குழி அறுவையோ செய்துகொண்ட 29,790 பேரைப் பத்தாண்டுகள் பின்தொடர்ந்ததில், 34.6 சதவீதத்தினர் சராசரியாக 2.1 முறை மறுபடி மருத்துவமனைக்கு வந்திருந்தார்கள். ஆனால் இந்தக் கணக்கில் ஒட்டுதலால் வந்தவர்களோடு, ஒட்டுதல் காரணமாக இருக்கலாம் என்று கருதப்பட்டவர்களும், ஒட்டுதலால் சிக்கலாகக்கூடிய வேறு அறுவைக்கு வந்தவர்களும் அடக்கம். நேரடியாக ஒட்டுதல்தான் காரணம் என்று உறுதியானவை அந்த மறுவருகைகளில் 5.7 சதவீதமே. முதல் எண்ணை மட்டும் சொல்லிவிட்டு இரண்டாவதை விட்டுவிடுவது இந்தத் துறையில் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது.

நமக்கும் இது தொலைதூரச் செய்தி அல்ல. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நடந்த பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். ஒவ்வொரு சிசேரியனும் வயிற்றைத் திறந்து மூடுகிற அறுவைதான். இரண்டாவது, மூன்றாவது சிசேரியனில் சிறுநீர்ப்பையும் கருப்பையும் ஒட்டிக் கிடப்பதை விலக்குவதற்கே நேரம் போய்விடும் என்று மகப்பேறு மருத்துவர்கள் சொல்வது இதைத்தான்.

ஏன் ஒட்டுகிறது? வயிற்றின் உட்சுவரையும் குடல்களின் வெளிப்புறத்தையும் பெரிட்டோனியம் என்னும் மெல்லிய சவ்வு போர்த்தியிருக்கிறது. விரித்துப் போட்டால் அதன் பரப்பு ஏறக்குறைய நம் உடல் தோலின் பரப்புக்கு ஈடாகும். அதன் மேற்பரப்பில் மீசோதீலியம் என்கிற ஒற்றை வரிசைச் செல்கள். அவை ஒன்றோடொன்று கொண்டிருக்கும் பிடிப்பு மிகத் தளர்வானது. கையுறை உரசினாலோ, துணி காய்ந்து பட்டாலோ, விளக்கின் சூட்டில் ஈரம் வற்றினாலோ உதிர்ந்துவிடும். உதிர்ந்த இடத்தில் திரவம் கசிந்து, ஃபைப்ரின் என்னும் உறைபசை படிகிறது. அப்படிப் படிந்த இரண்டு பரப்புகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் நடுவில் ஒரு பசைப் பாலம் உருவாகிறது. இதுவரை நடப்பது இயல்பான காயம் ஆறும் வேலை. வழக்கமாக உடலே பிளாஸ்மின் என்னும் நொதியைக் கொண்டு மூன்று நாளுக்குள் அந்தப் பசையைக் கரைத்துவிடும். அறுவையின்போது பெரிட்டோனியம் அடிபட்டு, ரத்த ஓட்டம் குறைந்த இடங்களில் இந்தக் கரைக்கும் திறன் மங்கிவிடுகிறது. கரையாமல் நின்ற பாலத்துக்குள் நார் செல்கள் குடியேறி, கொலாஜன் நூற்று, ரத்தக்குழாய்களையும் கொண்டுவந்து விடுகின்றன. நரம்பிழைகள்கூட அதில் வளர்வதாக மனிதத் திசுக்களிலேயே காட்டியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு கத்தியால் வெட்டித்தான் பிரிக்க வேண்டும்.

ஒட்டுதலை வெறும் கோளாறாகப் பார்க்க முடியாது. அழன்று வெடித்த குடல்வாலைச் சுற்றி ஓமெண்டம் என்னும் கொழுப்புத் திரை வந்து படிந்து சீழைப் பரவவிடாமல் அடைத்துவைப்பதும் இதே வேலைதான். குடலைத் தைத்த இடம் கசியாமல் இறுகுவதும் இதனால்தான். எல்லிஸ் 1960களிலேயே செய்த சோதனைகளில், பெரிட்டோனியத்தை இழுத்துத் தைத்த இடத்தில்தான் அதிகம் ஒட்டியது. தைக்காமல் அப்படியே விட்ட இடம் பெரும்பாலும் வழவழப்பாக ஆறியது. ரத்தம் போதாத திசுவுக்கு ரத்தம் கொண்டுபோகும் உடலின் முயற்சியே ஒட்டுதல் என்று அவர் வாதிட்டார்.

இதில் ஓர் அரிய தகவல் ஒளிந்திருக்கிறது. தோலில் பட்ட காயம் ஓரத்திலிருந்து உள்நோக்கி ஆறுகிறது. காயம் பெரிதானால் நாளும் கூடும். பெரிட்டோனியம் அப்படியல்ல. சிறிய காயமானாலும் பெரிய காயமானாலும் மேற்பரப்பு முழுவதிலும் ஒரே நேரத்தில் புதிய செல்கள் பதிந்து, ஏறக்குறைய ஐந்து முதல் எட்டு நாளில் மூடிவிடுகின்றன. ஒட்டுமா ஒட்டாதா என்பது அந்த ஒரு வாரத்தில் முடிவாகிவிடுகிறது. தடுப்புத் திரை எதுவானாலும் அது காவல் காக்க வேண்டிய காலம் அவ்வளவுதான். இந்த ஒரு வாரத்தை மனத்தில் வைத்துக்கொண்டால், பிறகு வந்த பல கண்டுபிடிப்புகளில் எது ஏன் தடுமாறியது என்பது பாதி விளங்கிவிடும்.

இனி, ஹெர்னியாவை மூட வைக்கும் வலைக்கு வருவோம். நடுவயிற்றில் கீறிச் செய்யும் அறுவைக்குப் பின் பத்திலிருந்து இருபது சதவீதத்தினருக்குத் தழும்பு வழியே ஹெர்னியா தள்ளுகிறது. வெறும் தையலால் அதை மூடினால் திரும்பத் திறந்துகொள்ளும். நெதர்லாந்தில் தையலையும் வலையையும் குலுக்கல் முறையில் ஒப்பிட்ட சோதனையின் பத்தாண்டு முடிவு 2004இல் வந்தது: தையல் போட்டவர்களில் 63 சதவீதத்தினருக்கு மறுபடி ஹெர்னியா, வலை வைத்தவர்களில் 32 சதவீதம். அந்த 32ம் பெருமைப்படத்தக்க எண் அல்ல. ஆனாலும் விவாதம் அதோடு முடிந்தது. இத்தாலியில் ஜூலியோ நாட்டா 1954இல் உருவாக்கிய பாலிப்ரொப்பிலீன் இன்றைக்கும் பெரும்பாலான வலைகளின் இழை. ஹூஸ்டனில் பிரான்சிஸ் அஷர் 1950களின் கடைசியில் பாலிஎத்திலீன் வலையோடு தொடங்கி, பிறகு இதற்கு மாறினார்.

பாலிப்ரொப்பிலீனின் சிறப்பு எதுவோ அதுவே அதன் கேடும். அது உடலைச் சீண்டுகிறது. சீண்டப்பட்ட திசு வலையின் கண்ணிகளுக்குள் நார் வளர்த்து அதை வயிற்றுச் சுவரோடு இறுகப் பிணைக்கிறது. அதனால்தான் வலை தாங்குகிறது. அதே வலையின் மறுபக்கம் குடலைத் தொட்டுக்கொண்டிருந்தால் குடலும் அப்படியே பிணைகிறது. வலை வைத்துக்கொண்டவர்களில், பின்னாளில் மறுபடி வயிற்றைத் திறக்க நேர்ந்த 66 பேரை ஆராய்ந்து 2007இல் வெளியான கட்டுரை ஒன்று இருக்கிறது. வலை வயிற்றுக்குழிக்குள்ளேயே இருந்தவர்களில் 21 சதவீதத்தினருக்குச் சிறுகுடலின் ஒரு பகுதியை வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. பெரிட்டோனியத்துக்கு வெளியே வலை இருந்தவர்களில் ஒருவருக்கும் இல்லை. டென்மார்க்கின் தேசியப் பதிவேட்டைக் கொண்டு 2016இல் வந்த ஆய்வும், வலையால் மறு ஹெர்னியா குறைந்தாலும், காலம் போகப் போக வலையால் வரும் சிக்கல்கள் அந்த நன்மையில் ஒரு பங்கைத் தின்றுவிடுவதாகக் காட்டியது.

ஆக வேண்டியது இரண்டு முகம் கொண்ட பொருள்: மேலே ஒட்ட வேண்டும், கீழே ஒட்டக்கூடாது. 1993இல் லேப்ராஸ்கோப்பி வழி வயிற்றுச்சுவர் ஹெர்னியாவுக்கு வலை வைக்கும் முறை அறிமுகமானபின் இந்தத் தேவை அவசரமாயிற்று. அந்த முறையில் வலையைக் குடலைப் பார்த்தபடி உள்ளேயே விரித்து ஆணியடிக்கிறார்கள்.

முதலில் வந்தவை வேதிப்பொருள் திரைகள். ஹயலுரோனிக் அமிலத்தையும் செல்லுலோஸையும் கலந்து செய்த மெல்லிய தாள் 1996இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இட்லித் தட்டில் ஈரத்துணி விரிக்கிற அதே யோசனைதான். என்ன, இங்கே துணியை உரித்தெடுக்க யாரும் திரும்ப வரப்போவதில்லை, அது தானே கரைந்துபோக வேண்டும். பெருங்குடல் அகற்றப்பட்டவர்களிடம் நடந்த சோதனையில், தாள் வைத்தவர்களில் 51 சதவீதத்தினருக்குத் தழும்பின் அடியில் ஒட்டுதலே இல்லை. வைக்காதவர்களில் 6 சதவீதத்தினருக்கு மட்டுமே அந்த நிலை. அசத்தலான வித்தியாசம். ஆனால் நோயாளிக்கு வேண்டியது உள்ளே வழவழப்பாக இருப்பது அல்ல, குடல் அடைபடாமல் இருப்பது. பின்னர் ஏறத்தாழ 1,800 பேரிடம் செய்த பெரிய சோதனையில் குடல் அடைப்பின் மொத்த அளவு இரண்டு குழுக்களிலும் 12 சதவீதமாகவே இருந்தது. ஒட்டுதலால் அடைத்து அறுவை தேவைப்பட்டவர்கள் மட்டும் 3.4 சதவீதத்திலிருந்து 1.8 ஆகக் குறைந்தார்கள். புதிதாகத் தைத்த குடல் இணைப்பைச் சுற்றி இந்தத் தாளைப் போர்த்தியவர்களிடம் கசிவு கூடியதும் தெரியவந்தது. உடலின் ஒட்டவைக்கும் வேலையைத் தேவையான இடத்திலும் தடுத்துவிட்டால் இப்படித்தான் ஆகும்.

அடுத்த கட்டத்தில் வலையிலேயே பூச்சு வந்தது. பாலியெஸ்டர் வலையின் ஒரு பக்கத்தில் கொலாஜன் படலம், பாலிப்ரொப்பிலீன் வலையில் ஹயலுரோனிக் கலவை, மீன் எண்ணெயின் ஒமேகா-3 பூச்சு எனப் பல வகை. எல்லாம் வெற்றியடையவில்லை. வலையின் இருபுறமும் செயற்கைப் படலம் ஒட்டி வந்த ஃபிஸியோமெஷ், ஜெர்மன், டேனிஷ் பதிவேடுகளில் மறு ஹெர்னியா அதிகம் தெரிந்ததால் 2016இல் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது.

உயிரியல் சவ்வுகளின் கதை இன்னும் பழையது. பனிக்குட உறையைக் காயத்தின்மேல் போர்த்தும் முயற்சியை ஜான் ஸ்டேஜ் டேவிஸ் 1910இலேயே எழுதியிருக்கிறார். அந்த உறையில் ரத்தக்குழாய் கிடையாது. பிறர் உடலில் வைத்தாலும் எதிர்ப்பு குறைவு. அழற்சியைத் தணிக்கும் பொருள்கள் அதிலேயே இருக்கின்றன. பிரசவ அறையில் வீணாகப் போகிற பொருள் என்பதால் மலிவும்கூட. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையின் திசு வங்கி கதிரியக்கத்தால் தூய்மைப்படுத்திய பனிக்குட உறையை நெடுங்காலமாகக் காயங்களுக்கு வழங்கிவருகிறது. பாலிப்ரொப்பிலீன் வலையின் அடியில் இதை வைத்து எலிகளிடம் செய்த சோதனைகளில் ஒட்டுதல் குறைந்தது. தனியாக இது ஹெர்னியாவைத் தாங்காது, அவ்வளவு மெல்லியது. தாங்குகிற வேலை வலைக்கு, காவல் காக்கிற வேலை உறைக்கு என்று பிரித்துக்கொள்ளும் இந்த ஏற்பாடு எனக்கு நேர்மையானதாகப் படுகிறது.

ஆனால் சந்தை வேறு திசையில் போனது. பர்டூ பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் பாடிலாக் பன்றியின் சிறுகுடல் உட்படலத்திலிருந்து செல்களை நீக்கி, மிஞ்சிய கொலாஜன் சட்டகத்தை நாயின் பெருந்தமனிக்குப் பதிலாக வைத்துப் பார்த்தார், 1989இல் வெளியிட்டார். அது அழுகவில்லை, உறையவில்லை. மெல்லக் கரைந்து அதன் இடத்தில் நாயின் சொந்தத் திசு வளர்ந்தது. இந்தக் கவர்ச்சியான முடிவைத் தொடர்ந்து பன்றித் தோல், மனிதத் தோல், மாட்டின் இதய உறை என்று செல் நீக்கிய சவ்வுகள் வரிசையாக வந்தன. பன்றித் திசுவில் ஆல்ஃபா-கால் என்னும் சர்க்கரை மூலக்கூறு உண்டு. மனித உடலில் அதற்கு எதிரான எதிர்ப்புப் புரதங்கள் முன்கூட்டியே தயாராக இருக்கின்றன. ஆகவே சில தயாரிப்புகளில் நொதி கொண்டு அதையும் நீக்குகிறார்கள். பூச்சாக மட்டும் இல்லாமல் வலைக்கு மாற்றாகவே, தனியே பாரம் தாங்கும் பொருளாகவே இவை விற்கப்பட்டன.

கொலாஜன் எவ்வளவு நாள் நிற்கும் என்பது அதன் இழைகள் எப்படி முறுக்கிப் பிணைந்திருக்கின்றன என்பதைப் பொறுத்தது. இந்த முறுக்கின் வடிவம் சென்னையில் கண்டறியப்பட்டது. ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1954இல் மும்முறுக்குச் சுருளை முன்வைத்தார்கள். கொலாஜனைப் பற்றிய கேள்வியே அடையாற்றில் அருகிலிருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தோடு தொடர்புடையது. தோல் என்பது பெரும்பாலும் கொலாஜன்தானே. தோல் பதனிடும்போது நடப்பது இழைகளுக்கிடையே கூடுதல் குறுக்குப் பிணைப்புகளை உண்டாக்குவது. அதனால்தான் செருப்பு அழுகுவதில்லை. உயிரியல் சவ்வு சீக்கிரம் கரைந்துவிடாமலிருக்க உற்பத்தியாளர்கள் சிலர் செய்வதும் இதே வேலை, குரோமியத்துக்கும் கடுக்காய்க்கும் பதில் வேறு வேதிப்பொருள். விளைவு எதிர்பார்க்கக்கூடியதே. பதப்படுத்தாத சவ்வு, நோயாளியின் சொந்தத் திசு வளரும் முன்பே கரைந்து தளர்கிறது. பதப்படுத்திய சவ்வை உடல் தன்னதாக ஏற்காமல், அந்நியப் பொருளாக நாரால் சுற்றி ஒதுக்கிவைக்கிறது.

பாரம் தாங்கும் போட்டியில் இந்தச் சவ்வுகள் தோற்றன. கிருமித் தொற்றுள்ள ஹெர்னியாக்களில்தான் இவற்றுக்கு உண்மையான இடம் என்று நம்பப்பட்டது. அமெரிக்காவின் ஐந்து மையங்களில் 253 நோயாளிகளிடம் நடந்து 2022இல் வெளியான குலுக்கல் சோதனையில், பன்றித்தோல் சவ்வு வைத்தவர்களில் 20.5 சதவீதத்தினருக்கு இரண்டே ஆண்டுகளில் ஹெர்னியா திரும்ப வந்தது; பாலிப்ரொப்பிலீன் வலை வைத்தவர்களில் 5.6 சதவீதம். விலையோ, சவ்வுக்கு இடைநிலை மதிப்பு 21,539 டாலர், வலைக்கு 105 டாலர். இவ்வளவு தெளிவாக ஒரு விலையுயர்ந்த பொருளைக் கீழே இறக்கும் சோதனைகள் மருத்துவத்தில் அரிது.

இதை வைத்து உயிரியல் சவ்வுகளின் கதை முடிந்தது என்று சிலர் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு வாரம் காவல் காக்க வேண்டிய பொருளிடம் வாழ்நாள் முழுக்கப் பாரம் சுமக்கச் சொன்னார்கள், அது முடியாமற்போனது. பிறகு பிட்ஸ்பர்குக்குச் சென்ற பாடிலாக்கின் குழுவே திரும்பி வந்து, பாலிப்ரொப்பிலீன் வலையின்மேல் தோல் அல்லது சிறுநீர்ப்பைச் சட்டகத்தைக் கூழாக்கிப் பூசிப் பார்த்தது. 2014இல் வந்த முடிவுகளில், எலிகளிடம் பூசிய வலையைச் சுற்றி அந்நியப் பொருளைத் தாக்கும் ராட்சதச் செல்கள் குறைந்தன. மேக்ரோபேஜ் என்னும் விழுங்கு செல்கள், சண்டையிடும் வகையிலிருந்து சீர்செய்யும் வகைக்குச் சாய்ந்தன. சவ்வு வெறும் தடுப்பாக மட்டும் நிற்கவில்லை. திசு எப்படி எதிர்வினை காட்ட வேண்டும் என்பதையும் முதல் சில நாளில் திருப்பிவிடுகிறது.

அந்த முதல் நாள்களைப் பற்றிய அறிவு இப்போதுதான் கூர்மையடைகிறது. கால்கரியில் 2021இல் வெளியான ஆய்வு, வயிற்றுத் திரவத்தில் மிதக்கும் ஒருவகை மேக்ரோபேஜ்கள் காயம் பட்ட சில நிமிடங்களுக்குள்ளேயே ரத்தத் தட்டணுக்களைப் போல ஒன்றாகத் திரண்டு காயத்தை அடைப்பதையும், காயம் பெரிதானால் அதே திரள் ஒட்டுதலுக்கு அடிப்படையாவதையும் காட்டியது. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் எலிகளில், ஒட்டும் நாரின் ஒரு பகுதி அடிபட்ட மீசோதீலியச் செல்களிலிருந்தே முளைப்பதைக் கண்டார்கள். ஃபைப்ரின் பசை மட்டுமே காரணம் என்ற பழைய படம் இதனால் சிக்கலாகிறது. பசையை மறைக்கும் தாள்கள் ஏன் பாதி மட்டும் பலித்தன என்பதற்கும் இதில் ஒரு விடை இருக்கலாம். டோக்கியோவில் தெருஓ ஒகானோவின் குழு இன்னும் நேரடியான வழியில் போனது. உடல் வெப்பத்தில் செல்லைப் பிடித்துக்கொண்டு, 32 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் விட்டுவிடும் பரப்பில் நாயின் சொந்த மீசோதீலியச் செல்களை வளர்த்து, முழு விரிப்பாக உரித்து, காயத்தில் போர்த்தினார்கள். ஒட்டுதல் தடுக்கப்பட்டது. நோயாளியின் செல்லை எடுத்து வாரக்கணக்கில் வளர்த்துக் காத்திருக்க வேண்டிய இந்த முறை நம் அரசு மருத்துவமனையின் ஹெர்னியா நாளுக்கு எப்போது வரும் என்று கேட்டால், வராது என்றுதான் சொல்வேன்.

மூலப்பொருள் பற்றி ஒரு வார்த்தை. பன்றி, மாடு என்னும் சொற்கள் வந்தவுடனே ஒப்புதல் படிவத்தில் ஒரு வரி கூடுதலாக வேண்டும். இஸ்லாமிய, யூத, இந்து நோயாளிகளின் பார்வையில் இப்பொருள்களை ஆராய்ந்த கட்டுரைகள் உண்டு. உயிர் காக்கும் கட்டாயத்தில் விலக்கு உண்டு என்பதே பெரும்பாலும் வரும் பதில். ஆனால் பாலிப்ரொப்பிலீன் மாற்றாக அருகிலேயே இருக்கும்போது கட்டாயம் என்று சொல்ல முடியாது. வலை என்று மட்டும் சொல்லி, அதன்மேல் பன்றிக் கொலாஜன் பூசியிருப்பதைச் சொல்லாமல் விடுவது சரியல்ல.

இதற்கிடையில் அறுவை மருத்துவர்களில் ஒரு பெரும் பகுதியினர் பிரச்சினையைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார்கள். வலையை வயிற்றுக்குழிக்குள் வைக்காவிட்டால் குடல் அதைத் தொடப்போவதில்லை. பிரான்சில் ரீவ்ஸும் ஸ்டோப்பாவும் பல பத்தாண்டுகளுக்கு முன்பே வயிற்றுத் தசைக்குப் பின்னால், பெரிட்டோனியத்துக்கு வெளியே வலையை விரித்தார்கள். 2012க்குப் பின் பக்கவாட்டுத் தசையை விடுவித்து அந்த இடத்தை அகலமாக்கும் முறையும், லேப்ராஸ்கோப்பி வழியே அதே இடத்துக்குள் நுழையும் முறையும் பரவின. சாதாரண பாலிப்ரொப்பிலீன் வலையே போதும். பூச்சு வேண்டாம், ஆணி வேண்டாம். குடலுக்கும் வலைக்கும் நடுவில் இருப்பது நோயாளியின் சொந்தப் பெரிட்டோனியம். உயிரியல் போர்வை என்று நாம் தேடிக்கொண்டிருந்தவற்றில் இதைவிடப் பொருத்தமானது வேறொன்று கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை. எதிர்ப்பு இல்லை, விலை இல்லை, ஒரு வாரத்தில் கரைந்து போவதும் இல்லை. இதற்கு வேண்டியது அதிக நேரமும் பயிற்சி பெற்ற கையும். தவறான அடுக்கில் வெட்டினால் தசைக்குப் போகும் நரம்புகள் சேதமாகும்.

பெரிய ஹெர்னியாக்களில், ஏற்கெனவே இரண்டு மூன்று முறை திறந்த வயிறுகளில், இந்தச் சொந்தப் போர்வை கிழிந்து இடையில் ஓட்டைகள் விழுகின்றன. தைத்து மூடப் போதுமான திசு இருக்காது. மூடாமல் விட்டால் குடல் அந்த ஓட்டை வழியாக நுழைந்து வலையைப் பிடித்துக்கொள்ளும். ஓமெண்டத்தை இழுத்து வைப்பவர்கள் உண்டு. கரையும் செயற்கை வலைத்துண்டைத் தைப்பவர்கள் உண்டு. உள்ளங்கை அளவு பனிக்குட உறைக்கோ, கொலாஜன் படலத்துக்கோ உண்மையான வேலை இங்கேதான் இருக்கிறது: பாரம் தாங்காமல், கிழிந்த இடத்தில் ஒரு வாரம் படுத்திருந்து, அதன்மேல் புதிய மீசோதீலியம் பரவியதும் கரைந்துவிடுவது. இதை மனிதரிடம் சோதித்துப் பார்ப்பதுதான் கடினம். உள்ளே ஒட்டியதா என்று பார்க்க நலமாக இருப்பவரின் வயிற்றைத் திறக்க முடியாது. மூச்சிழுக்கும்போது குடல் சுவரோடு நழுவுகிறதா என்று காட்டும் அல்ட்ராசவுண்ட், எம்ஆர்ஐ படங்களும், எதற்காகவோ மறுபடி திறக்க நேர்கிற வயிறுகளில் மருத்துவர் கண்டதைப் பதிவேட்டில் முறையாக எழுதிவைப்பதும்தான் இப்போது இருக்கிற வழி. அதற்கு, முதல் அறுவை முடிந்து வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் எந்த வலை, எந்த அடுக்கில், எந்தப் பூச்சோடு வைக்கப்பட்டது என்று எழுதியிருக்க வேண்டும். ‘மெஷ் ரிப்பேர் செய்யப்பட்டது’ என்ற ஒற்றை வரியோடு பத்தாண்டு கழித்து வேறு ஊர் மருத்துவமனைக்கு வரும் நோயாளியை வைத்து எந்த ஆய்வும் செய்ய இயலாது.